தட்டில் கரைவது தமனியின் அடைப்பு அன்று

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்போர் இறுதிப் பத்திகளை மட்டும் படித்தாலும் போதும். மறுக்க வருவோர் முழுவதையும் படித்துவிட்டு வரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரே செய்தி வேறுவேறு பெயர்களில் நம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. எங்கோ ஓர் ஆய்வகத்தில், ஏதோ ஒரு மூலிகைச் சாறு அல்லது மூலக்கூறு, இதய அடைப்பைக் கரைக்கும் என்று கண்டறியப்பட்டிருக்கும். மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தால், அதில் இதயமும் இராது, அடைப்பும் இராது, நோயாளியும் இரார். நெகிழித் தட்டின் அடியில் ஒட்டி வளர்ந்த ஓரடுக்கு உயிரணுக்கள் இருக்கும். அவற்றுக்குக் கொழுப்பு ஊட்டப்பட்டிருக்கும். பிறகு மருந்து சேர்க்கப்பட்டிருக்கும். ஓரிரு நாள்களில் உயிரணுக்களுக்குள் இருந்த கொழுப்புத் துளிகள் குறைந்திருக்கும். அவ்வளவே.

இந்தத் திரிபுக்குச் செய்தியாளர்களைக் குறை கூறுவது நம் வழக்கம். ஆய்வாளர்கள் கைகழுவிக்கொள்ள அது வசதியாகவும் இருக்கிறது. என் குற்றச்சாட்டு வேறு. திரிபு செய்தி அறையில் தொடங்குவதில்லை. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே தொடங்குகிறது. "தமனித்தடிப்பு நோயின் ஆய்வக மாதிரி" என்ற தொடரே அதன் ஊற்று.

நான் உயிரியலாளர் அல்லேன். மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியல் கட்டுரைகளின் மொழியை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். என் ஆய்வுக்குரிய தரவுகளில் கணிசமான பகுதி இதயநோய் மருந்துகளைப் பற்றிய கட்டுரைகள். மூன்று ஆண்டுகளாக அவற்றின் வினைச்சொற்களையும் பெயர்ச்சொற்களையும் எண்ணிக்கொண்டிருப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், தட்டில் நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம்.

தமனித்தடிப்பு நோயில், இரத்தத்தில் உள்ள எல்டிஎல் கொழுப்புத் துகள்கள் தமனியின் உட்சுவரைக் கடந்து சுவருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன; அங்கே மாற்றமடைகின்றன. அவற்றை அகற்ற வரும் பெருவிழுங்கி உயிரணுக்கள் அளவின்றி விழுங்கிக் கொழுப்புத் துளிகளால் நிறைந்துவிடுகின்றன. நுண்ணோக்கியில் நுரைபோலத் தோன்றுவதால் அவற்றுக்கு நுரை உயிரணு என்று பெயர். இந்த ஒரு படிநிலையைத்தான் பெரும்பாலான ஆய்வகங்கள் தட்டில் நிகழ்த்திக் காட்டுகின்றன. அதற்கு மிகப் பரவலாகப் பயன்படும் உயிரணு வழி டிஎச்பி-1. இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான ஒரு வயது ஆண் குழந்தையின் இரத்தத்திலிருந்து ஜப்பானில் உருவாக்கப்பட்டு, 1980இல் அறிவிக்கப்பட்டது. இந்த உயிரணுக்களை ஒரு வேதிப்பொருளால் தூண்டிப் பெருவிழுங்கிகளாக மாற்றுவர். தாமிர அயனிகளைக் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்த எல்டிஎல்லை ஊட்டுவர். 'ஆயில் ரெட் ஓ' என்ற சாயத்தை இட்டுச் சிவந்த துளிகளை அளப்பர். மருந்து சேர்த்த தட்டில் சிவப்பு குறைந்தால் அது வெற்றி.

தமனியின் உட்சுவருக்கு வேறொரு மாதிரி உண்டு: தொப்புள்கொடியிலிருந்து எடுக்கப்படும் உட்சுவர் உயிரணுக்கள். 1973 முதல் இவை வளர்க்கப்பட்டு வருகின்றன. பிரசவத்துக்குப் பின் எறியப்படும் தொப்புள்கொடியிலிருந்து எளிதாகக் கிடைப்பதே இவற்றின் பெருஞ்சிறப்பு. ஆனால் இவை எடுக்கப்படுவது தொப்புள்கொடியின் சிரையிலிருந்து. தமனித்தடிப்பு நோய்க்கு மாதிரியாக நாம் வைத்திருப்பது, அந்நோய் அண்டுவதற்குள் ஆயுள் முடிந்துவிடும் ஒரு சிரை. அறுபது வயது இதயத் தமனிக்கு இது எந்த வகையில் மாதிரி?

இந்தக் கேள்விக்குள் ஓர் இலக்கணக் கேள்வி இருக்கிறது. மாதிரி என்ற சொல் தனித்து நிற்கவியலாதது. எதற்கு மாதிரி, எந்த வகையில் மாதிரி என்ற இரு நிரப்பிகள் அதற்கு வேண்டும். "அவன் அப்பா மாதிரி" என்று ஒருவர் சொன்னால், நடையிலா, முகத்திலா, கோபத்திலா என்று உடனே கேட்கிறோம். ஆய்வுக் கட்டுரை "தமனித்தடிப்பின் மாதிரி" என்னும்போது மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் நிரப்பி இருக்கிறது, இரண்டாவது விழுங்கப்பட்டுவிடுகிறது.

ஒப்புமை குறித்து யோசிப்பதற்கு நாம் வெளியே கடன் வாங்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை எந்த அடிப்படையில் பிறக்கிறது என்பதை நான்காகப் பகுக்கிறது. உரு என்பது நிறம். மெய் என்பது வடிவம். வினை என்பது செயல். பயன் என்பது விளைவு. ஒரு பொருள் மற்றொன்றை ஒன்றில் ஒத்து மற்றவற்றில் ஒவ்வாமல் இருக்கலாம். மேகத்தைப் போன்ற வள்ளல் என்றால் அவன் கருநிறத்தவன் என்று பொருளில்லை. ஆய்வகத் தட்டை இந்த நான்கு தராசிலும் நிறுத்துப் பார்ப்போம்.

உருவில் தட்டு ஒக்கிறது. சாயமிட்ட நுரை உயிரணு தட்டிலும் சிவப்பு, தமனியிலிருந்து வெட்டியெடுத்த திசுவிலும் சிவப்பு. கட்டுரைகளின் படங்கள் நம்மை நம்பவைப்பது இந்த ஒப்புமையால்தான்.

மெய்யில் ஒவ்வாது. தமனி ஒரு குழாய். தட்டு ஒரு தளம். தமனிச் சுவரில் பல அடுக்குகள் உண்டு. உட்சுவர் உயிரணுக்களும் மென்தசை உயிரணுக்களும் பெருவிழுங்கிகளும் அங்கே ஒன்றோடொன்று உறவாடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தமனியில் இரத்தம் ஓடுகிறது. படிவுகள் தமனியின் எல்லா இடங்களிலும் சமமாக உண்டாவதில்லை; கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும், ஓட்டம் குலைந்து சுழலும் இடங்களில், மிகுதியாக உண்டாகின்றன. ஓட்டமே நோயின் இடத்தைத் தீர்மானிக்கும்போது, ஓட்டமில்லாத் தட்டில் அந்நோயை எங்கே தேடுவது?

வினையில் பாதி ஒக்கும். தட்டில் உள்ள உயிரணு கொழுப்பை விழுங்குகிறது, உண்மை. ஆனால் தமனியில் விழுங்குவது பெருவிழுங்கி மட்டுமன்று. மனித இதயத் தமனிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, நுரை உயிரணுக்களில் ஏறத்தாழப் பாதி மென்தசை உயிரணுவின் வழி வந்தவை என்று மதிப்பிட்டது. அப்படியாயின் புற்றுநோய் வழிவந்த ஒரே வகைப் பெருவிழுங்கியை மட்டும் வைத்து நடக்கும் சோதனை, நாடகத்தின் பாதி நடிகர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் ஒத்திகை.

பயனில் முற்றிலும் ஒவ்வாது. நோயின் பயன் மாரடைப்பு; பெரும்பாலும் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, ஓட்டம் நிற்பதால் நேர்வது. தட்டு எந்நாளும் மாரடைப்பால் இறந்ததில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணுவோர் கீழ்க்கண்ட வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

பெருவிழுங்கிக்குள் கொழுப்புத் துளி உருவாக ஏகாட் என்ற நொதி தேவை. அதைத் தடுத்தால் துளிகள் குறைகின்றன. தட்டில் இதைக் காட்டுவது எளிது. விலங்குச் சோதனைகளும் ஊக்கமளித்தன. பேக்டிமைப் என்ற தடுப்பு மருந்து மனிதரிடம் வந்தது. 2006இல் வெளியான சோதனையில், இதயத் தமனி நோயுள்ள 408 பேரின் தமனிகளை உள்ளிருந்தே அளந்து பார்த்தனர். முதன்மை அளவீட்டில் படிவு குறையவில்லை, வேறு சில அளவீடுகளில் மருந்து எடுத்தவர்களின் நிலை மோசமாக இருந்தது. பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் உள்ள 892 பேரிடம் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2009இல் வெளியானது; மருந்து எடுத்தவர்களுக்கே இதயச் சிக்கல்கள் அதிகம். துளியாகச் சேமிக்க முடியாத கொலஸ்ட்ரால் உயிரணுவுக்குள் தனித்துத் தேங்கினால் அது நஞ்சாகலாம் என்பது இதற்கு முன்வைக்கப்படும் விளக்கம். சிவப்பு குறைந்தது; நோய் குறையவில்லை. உருவை வைத்துப் பயனைக் கணித்ததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளின் கதையும் இதுவே. எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடைவதை வைட்டமின் ஈ ஆய்வகக் குழாயில் அழகாகத் தடுத்தது. பிரிட்டனில் 20,536 பேரிடம் ஐந்தாண்டு நடந்த இதயப் பாதுகாப்புச் சோதனை 2002இல் முடிவை வெளியிட்டது: வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டீன் மூன்றும் சேர்ந்து மாரடைப்பைத் தடுக்கவில்லை. அதே சோதனையில் அதே மக்களிடம் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் தெளிவாகத் தடுத்தது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமெனில் குக்குலு இருக்கிறது. 1966இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி அளித்த ஆய்வேடு, ஆயுர்வேத நூல்களைக் கொண்டு இந்தப் பிசினைக் கொழுப்பு ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தது, மதிக்கத்தக்க முயற்சி. 1980களில் அதன் சாறு இந்தியாவில் மருந்தாகவும் ஏற்கப்பட்டது. 2002இல், அதன் மூலக்கூறு ஒன்று எஃப்எக்ஸ்ஆர் என்னும் ஏற்பியைத் தடுக்கிறது என்று உயிரணுக்களிலும் எலிகளிலும் காட்டப்பட்டது. செயல்முறை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி. மறு ஆண்டே அமெரிக்காவில் மிகைக் கொலஸ்ட்ரால் உள்ள 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில், குக்குலுச் சாறு எடுத்தவர்களின் எல்டிஎல், வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட 9 முதல் 10 விழுக்காடு கூடியிருந்தது. ஏற்பி ஆய்வு பொய்யன்று. அது சொல்லாத ஒன்றை அதன் தலையில் ஏற்றியதே பிழை.

இவ்வளவு சொல்வதால் உயிரணு மாதிரிகள் வீண் என்று நான் வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். இத்துறையின் ஆகப்பெரிய வெற்றி தட்டில்தான் பிறந்தது. மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970களின் முற்பகுதியில், பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் கொண்ட நோயாளிகளின் தோலிலிருந்து உயிரணுக்களை எடுத்து வளர்த்தனர். நலமுள்ளவரின் உயிரணு, எல்டிஎல் கிடைத்ததும் தன் கொலஸ்ட்ரால் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. நோயாளியின் உயிரணு நிறுத்தவில்லை. அந்த வேறுபாட்டிலிருந்து எல்டிஎல் ஏற்பி கண்டறியப்பட்டது. 1985இல் நோபல் பரிசும் வந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ ஏறத்தாழ ஆறாயிரம் நுண்ணுயிர் வகைகளைச் சலித்து எடுத்த காம்பாக்டின் எலிகளின் இரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை; மருந்து கைவிடப்படும் நிலைக்கே வந்தது. நோயாளிகளின் தோல் உயிரணுக்களிலோ அது கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுத்தது. எலி தவறவிட்டதை மனித உயிரணு சொன்னது. 1987இல் முதல் ஸ்டாட்டின் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததன் பின்னணியில் அந்தத் தட்டுகளும் இருக்கின்றன.

பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் தோல் உயிரணுவைத் தமனி என்று அழைக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு வினை பற்றி: எல்டிஎல் கிடைக்கும்போது உயிரணு என்ன செய்கிறது? அந்தக் கேள்விக்குத் தோல் போதும். கேள்வி குறுகியதாக இருந்ததால் விடை உறுதியாக இருந்தது. அதோடு, உயிரணு வந்தது நோயாளியிடமிருந்து. ஒப்பிட நலமுள்ளவரின் உயிரணு அருகில் இருந்தது.

அதே நேர்மை இன்றும் சிலரிடம் உண்டு. 2017இல் அமெரிக்கக் குழுவொன்று, பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் நோயாளியிடமிருந்து பெற்ற தண்டுயிரணுக்களைக் கல்லீரல் உயிரணுக்கள் போல வளர்த்து, ஏறத்தாழ 2,300 மூலக்கூறுகளைச் சோதித்தது. இதயத் தளர்ச்சிக்கு ஏற்கெனவே வழங்கப்படும் டிஜிடாலிஸ் வகை மருந்துகள், எல்டிஎல்லின் அடிப்படைப் புரதமான அப்போபியைக் குறைப்பது தெரிந்தது. உடனே தலைப்புச் செய்தி தேடி ஓடாமல், அம்மருந்துகளை முன்பே எடுத்துவந்த நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தனர். அவர்களின் எல்டிஎல்லும் குறைந்திருந்தது. தட்டு சொன்னதை மனிதரிடம் கேட்டு உறுதிசெய்யும் இந்த ஓரடியைத்தான் நான் வேண்டுகிறேன். ஓட்டத்தோடு கூடிய செயற்கைக் குழாய்களை மனித உயிரணுக்களால் உருவாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. முன்முதுமை நோயாளிகளின் தண்டுயிரணுவிலிருந்து டியூக் பல்கலைக்கழகத்தார் 2017இல் அப்படியொரு குழாயை உருவாக்கினர். மெய்யிலும் ஒப்புமை தேடும் பணி அது.

இனி என் துறைக்கு வருகிறேன். திரிபு எப்படி நடக்கிறது? மூன்று இலக்கண நகர்வுகள் போதும்.

முதலாவது, காலம். ஆய்வின் முடிவுப் பகுதி இறந்த காலத்தில் பேசும்: இந்த உயிரணுவில், இந்த அளவில், குறைத்தது. தலைப்பில் அது நிகழ்காலமாகிறது. தமிழுக்கு வரும்போது "குறைக்கும்" ஆகிறது. நம் செய்யும் என்னும் முற்று எதிர்காலத்தையும் என்றுமுள்ள இயல்பையும் ஒருங்கே சுட்டவல்லது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதும், இந்தச் சாறு அடைப்பைக் கரைக்கும் என்பதும் ஒரே வடிவம். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு தட்டில் நடந்தது, இயற்கையின் நியதியாகிவிடுகிறது.

இரண்டாவது, செயப்படுபொருள். குறைந்தது கொழுப்புத் துளி. வாக்கியத்தில் வந்து அமர்வது அடைப்பு. இந்தச் சொல்லே ஆபத்தானது. அடைப்பு என்றவுடன் சாக்கடைக் குழாயும் அதில் சிக்கிய குப்பையும் மனத்தில் தோன்றுகின்றன. குப்பையைக் கரைக்க ஒரு திரவம் ஊற்றினால் தீர்ந்தது என்றும் தோன்றுகிறது. தமனிப் படிவு குழாயின் உட்பரப்பில் ஒட்டிய அழுக்கன்று, சுவருக்குள்ளேயே வளர்வது. குழாயைப் பெரிதும் குறுக்காத படிவுகூட வெடித்து உயிரைப் பறிக்கலாம். மாரடைப்பு என்ற நம் சொல்லுக்குள்ளேயே அடைப்பு இருப்பதால், இந்த உருவகத்திலிருந்து விடுபடுவது தமிழருக்கு இன்னும் கடினம்.

மூன்றாவது, அளவு. எத்தனை மைக்ரோமோலார் என்ற எண் கட்டுரையில் இருக்கும், செய்தியில் இராது. மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. உணவின் வழி இரத்தத்தை அடைவது, தட்டில் ஊற்றப்படும் செறிவைவிடப் பன்மடங்கு குறைவு. தானே ஒளிரும் மூலக்கூறு என்பதால் ஒளியை அளக்கும் சோதனைகளை அது ஏமாற்றவும் கூடும். "மஞ்சள்" என்ற பெயர்ச்சொல் இவை அனைத்தையும் மறைத்துக்கொண்டு நம் சமையலறைக்குள் வந்துவிடுகிறது.

இதனால் யாருக்கு என்ன கேடு? 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. ஸ்டாட்டின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய இலட்சக்கணக்கானோர் நம்மிடையே உள்ளனர். அந்த மாத்திரை எந்த நாளிலும் நன்மையை உணர்த்தாது. நன்மை என்பது நடக்காமல் போன மாரடைப்பு. "கரைக்கும்" என்ற ஒரு சொல் அதைவிட வலிமையானது. என் பெரியப்பா சென்ற ஆண்டு அப்படியொரு செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தினார். நான்கு மாதத்தில் எல்டிஎல் பழைய அளவுக்குத் திரும்பியது. நல்வாய்ப்பாக இரத்தப் பரிசோதனையில் அது பிடிபட்டது. "ஆராய்ச்சியிலேயே சொல்லியிருக்கிறார்களே அம்மா" என்றார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நானா, அந்த ஆராய்ச்சியா?

காலமும் நெருக்குகிறது. 2023 மார்ச்சில் இந்திய அரசு, புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாக உயிரணுச் சோதனைகளையும் சில்லுறுப்புகளையும் ஏற்க வழிசெய்தது. அமெரிக்காவும் 2022 இறுதியில் அத்தகைய சட்டத்தை இயற்றியது. இதை நான் வரவேற்கிறேன். எலி காம்பாக்டினில் தவறியதை மேலே பார்த்தோம். ஆனால் தட்டின் சான்று இனி சட்டத்தின் முன் எடை பெறும். எடை பெறும் சான்று, தான் எதற்குச் சான்று என்பதைத் துல்லியமாகச் சொல்லக் கடமைப்பட்டது.

வரப்போகும் மறுப்புகளை அறிவேன். "எல்லாரும் அப்படித்தான் அழைக்கிறார்கள், துறை வழக்கு அது" என்பது ஒன்று. ஒரு கருத்தரங்கில் இக்கேள்வியை எழுப்பியபோது எனக்குக் கிடைத்த விடையும் இதுவே. வழக்கு என்பது துறைக்குள் இருக்கும்வரை சரி. அங்கே நிரப்பி என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சொல் வாசலைத் தாண்டும்போது நிரப்பியையும் உடன் அனுப்ப வேண்டும். "எங்களிடம் பணம் இல்லை, டிஎச்பி-1 தான் கட்டுப்படியாகும்" என்பது மற்றொன்று. முற்றிலும் நியாயம். எளிய உயிரணுவைப் பயன்படுத்துவதில் இழுக்கில்லை. எளிய உயிரணுவுக்குப் பெரிய பெயர் சூட்டுவதுதான் இழுக்கு. துல்லியமான தலைப்புக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு.

ஆய்வாளர்களே, உயிரணுவின் பெயரையும் எந்தப் படிநிலைக்கு மாதிரி என்பதையும் தலைப்பிலேயே எழுதுங்கள். "தமனித்தடிப்பைக் குறைக்கிறது" என்பதற்கு மாற்றாக, "டிஎச்பி-1 பெருவிழுங்கிகளில் கொழுப்புத் தேக்கத்தைக் குறைத்தது" என்று எழுதினால் உங்கள் ஆய்வு சிறுத்துவிடாது.

நீங்கள் பயன்படுத்திய செறிவு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா என்பதைச் சுருக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகங்களின் செய்திக் குறிப்பு எழுதுவோரே, நோயாளியிடம் சோதிக்கப்படாத எதற்கும் "கரைக்கும்", "குணமாக்கும்" என்ற முற்றுகளைப் பயன்படுத்தாதீர்கள். இறந்த காலம் தமிழில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

படிப்போரே, இப்படியொரு செய்தி வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எதில் நடந்தது? தட்டிலா, எலியிலா, மனிதரிலா? விடை செய்தியில் இல்லையென்றால் அதைப் பகிராதீர்கள். எந்த விடை வந்தாலும், மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உயிரியல் துறை நண்பர்கள் தகவற்பிழை இருந்தால் கீழே சுட்டிக்காட்டுங்கள், திருத்திவிடுகிறேன். கருத்தில் மாறுபடுவோர், உங்கள் கட்டுரையின் தலைப்பை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மறுப்பை எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தே பேசுவோம்.